ரேடியேட்டர் இல்லாத வேன் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது?

பழைய ஃபோக்ஸ்வேகன் வேனின் பின்பக்க மூடியை முதன்முதலாகத் திறப்பவர்கள் தேடுவது ரேடியேட்டரைத்தான். முன்னால் போய்ப் பார்ப்பார்கள், கீழே குனிந்து பார்ப்பார்கள். “தண்ணி எங்கே ஊத்துறது?” என்று கேட்பார்கள். எங்கேயும் ஊற்ற வேண்டாம். அந்த வண்டியில் தண்ணீர் இருப்பது கண்ணாடி துடைக்கும் டேங்கில் மட்டும். இன்ஜினைக் குளிர்விப்பது காற்றும், கொஞ்சம் ஆயிலும்.

இதைக் கேட்டதும் பலர், “அப்படியானால் கூலிங் சிஸ்டமே கிடையாது” என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வண்டிகளில் இன்ஜின் பாழாகும் கதைகளில் பாதி இந்த நினைப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கூலிங் சிஸ்டம் முழுசாக இருக்கிறது. தகரமாகவும் ரப்பராகவும் பெல்ட்டாகவும் சிதறிக் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

சூடு எப்படி இறங்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். டம்ளரில் இருக்கும் சூடான காப்பியை டவராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். காப்பியின் அளவு மாறவில்லை. காற்று படும் பரப்பு கூடியது. இன்ஜின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய உலோகச் செதில்கள், அதாவது ஃபின்கள், செய்வது இதே வேலை. சிலிண்டர் டம்ளர், ஃபின்கள் டவரா. அப்புறம் ஒன்று: டவராவில் ஊற்றிய காப்பியை ஊதினால் இன்னும் வேகமாக ஆறும். சூடான காற்றை விரட்டிப் புதுக் காற்றை மேலே கொண்டுவருகிறோம். அந்த ஊதும் வேலைக்குத்தான் ஃபேன்.

புல்லட் மாதிரியான மோட்டார் சைக்கிளில் ஃபேன் கிடையாது. ஓடும்போது எதிர்க்காற்று நேராக ஃபின்களில் அடிக்கிறது. நம் ஊர் ஆட்டோவில் இன்ஜின் பின்னால் ஒளிந்திருக்கிறது, காற்று தானாக வந்து படாது. அதனால் ஃபேன் வைத்து, இன்ஜினைச் சுற்றி உறை போட்டு, காற்றை வலுக்கட்டாயமாக ஃபின்கள் வழியே தள்ளுகிறார்கள். காற்றால் குளிரும் வேன்களும் இந்த இரண்டாம் ரகம். அமெரிக்காவில் 1960களின் முதல் பாதியில் வந்த செவர்லே கிரீன்பிரையர், பிரான்சின் சிட்ரோயன் 2சிவி வேன் என்று வேறு சிலவும் உண்டு. ஆனால் உலகம் முழுக்கப் பரவியது ஃபோக்ஸ்வேகன்தான், எனவே இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாகவே இந்தியா வரை வந்து சேர்ந்த அதே வேன்.

1950 மார்ச்சில் இதன் தயாரிப்பு தொடங்கியது. முதல் தலைமுறை 1967 வரை, இரண்டாவது ஜெர்மனியில் 1979 வரை. மூன்றாம் தலைமுறை வந்தபோதும் இன்ஜின் காற்றில்தான் குளிர்ந்தது. 1982இல்தான் தண்ணீருக்கு மாறினார்கள். பிரேசிலில் ‘கோம்பி’ என்ற பெயரில் பழைய உருவமே தொடர்ந்தது, அங்கே 2005இன் இறுதி வரை காற்றுதான். உங்கள் முன்னால் நிற்பது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் வண்டியின் முகத்தைப் பாருங்கள். தண்ணீருக்கு மாறிய பிரேசில் கோம்பியின் முன்பக்கத்தில் கறுப்பாக ஒரு ரேடியேட்டர் கிரில் துருத்திக்கொண்டிருக்கும். காற்று வண்டியின் முகத்தில் அது இருக்காது.

மேல்மாடி, கீழ்மாடி

இப்போது முக்கியமான இடம். இதை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

இன்ஜின் இருக்கும் இடத்தை இரண்டு மாடியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடி, மூடியைத் திறந்தால் தெரியும் அறை. அங்கே குளிர்ந்த காற்று மட்டும் இருக்க வேண்டும். வண்டியின் பின்பக்க இரு ஓரங்களிலும், ஜன்னலுக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கும் வெட்டுகள் வழியாக வெளிக்காற்று இந்த அறைக்குள் வருகிறது. கீழ்மாடி, இன்ஜினுக்கு அடியில் ரோட்டைப் பார்த்த பக்கம். சைலன்சர், எக்ஸாஸ்ட் குழாய்கள், சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறிய காற்று எல்லாம் அங்கே. இரண்டுக்கும் நடுவே தளம் போட்டதுபோல இன்ஜினைச் சுற்றித் தகரம். தகரத்தின் விளிம்புக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே இருக்கும் இடுக்கை அடைக்க ஒரு ரப்பர் பட்டை.

மேல்மாடிக் காற்றை ஃபேன் உறிஞ்சி, அரைவட்டமாக நிற்கும் உறைக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து காற்று இரு பக்கமும் பிரிந்து, படுத்த நிலையில் இருக்கும் நான்கு சிலிண்டர்களின் ஃபின்களுக்கும் ஹெட்டுகளின் (சிலிண்டர்களின் முனையை மூடும், வால்வுகள் இருக்கும் பாகங்களின்) ஃபின்களுக்கும் நடுவே புகுந்து, கீழே இறங்கி வெளியேறுகிறது. ஒரு பங்கு ஆயில் கூலர் வழியாகப் போகிறது. இன்னொரு பங்கு எக்ஸாஸ்ட்டைச் சுற்றிய பெட்டிகளுக்குள் போய்ச் சூடாகி, குளிர்காலத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஹீட்டராக வருகிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் சூட்டை ஒரு லிட்டர் காற்றால் சுமக்க முடியாது. வித்தியாசம் மூவாயிரம் மடங்குக்கும் மேல். அதனால் காற்றில் குளிரும் இன்ஜினுக்குக் காற்று மலைமலையாக வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடும்போது இந்த ஃபேன் வினாடிக்கு 500 லிட்டருக்கும் மேல் தள்ளுகிறது. சின்ன அறையின் காற்றை ஒரே நிமிடத்தில் காலி செய்யும் அளவு.

இவ்வளவு காற்று ஓடும் வழியில் ஒரு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? ரப்பர் பட்டை காய்ந்து உதிர்ந்துவிட்டது, அல்லது இன்ஜினை இறக்கி ஏற்றும்போது ஒரு தகரத்தை “இது எதுக்கு” என்று விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். ஃபேன் உறிஞ்சும்போது மேல்மாடியில் அழுத்தம் குறையும். உடனே கீழ்மாடியின் சூடான காற்று அந்த இடுக்கு வழியாக மேலே ஏறும். அதையே ஃபேன் மறுபடி இன்ஜினுக்கு ஊதும். வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடியில் டேபிள் ஃபேன் வைத்து உட்கார்வதுபோல. ஃபேன் நன்றாகச் சுற்றும், காற்றும் வரும், குளிர்ச்சி மட்டும் இருக்காது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இருட்டிய பிறகு, இன்ஜினை நிறுத்தி, அது நன்றாக ஆறியதும், ஒருவர் வண்டிக்கு அடியில் டார்ச்சை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் மூடியைத் திறந்து மேலிருந்து பார்க்க வேண்டும். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் சூடும் ஏறும். ஜெர்மனியில் இருந்த நாட்களில் ஒரு நண்பருடைய 1974 மாடல் வேனில் இதைச் செய்து பார்த்தோம். ஸ்பார்க் பிளக் வயர் நுழையும் இடத்தில் இருக்கவேண்டிய ரப்பர் மூடி இரண்டு காணோம். சுண்டுவிரல் தடிமன் வளையமாக வெளிச்சம் தெரிந்தது. இடது ஓரத்தில் கை நீளத்துக்கு ஒரு கோடு, பட்டை மடங்கி உள்ளே போயிருந்தது. பகலில் எத்தனையோ முறை அதே இடத்தைப் பார்த்திருக்கிறோம், ஒன்றும் தெரிந்ததில்லை.

சிலிண்டர்களுக்கு அடியில் போடும் வளைவுத் தகரமும் இப்படித்தான் காணாமல் போகும். மேலிருந்து வரும் காற்று நேராகக் கீழே கொட்டிவிடாமல் சிலிண்டரின் அடிப்பாகத்தையும் சுற்றிக்கொண்டு போகும்படி அணைத்துப் பிடிப்பது அதன் வேலை. அது இல்லாத இன்ஜினும் நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும். மேல்பாதி ஆறும், கீழ்ப்பாதி வேகும்.

பெல்ட்டும் ஒரு துணியும்

1600 சிசி இன்ஜினில் ஃபேன் தனியாக இல்லை. டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரின் அச்சிலேயே மறுமுனையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஃபேன் ஏறக்குறைய இரண்டு சுற்று. எனவே டாஷ்போர்டில் சார்ஜ் ஆகவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தால், மற்ற கார்களில் போல “வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கலாம்” என்று ஓட்டக்கூடாது. பெல்ட் அறுந்திருக்கலாம். அறுந்திருந்தால் குளிர்ச்சி அந்த நொடியிலேயே நின்றுபோயிருக்கும். ஓரம் கட்டி, நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். 1972 முதல் வந்த பெரிய இன்ஜின்களில், அதாவது 1700, 1800, 2000 சிசியில், ஃபேன் நேரடியாக கிராங்க் முனையில், அதாவது இன்ஜினின் முக்கிய அச்சின் முனையில் இருக்கும். அங்கே பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும்தான் போகும். உங்கள் வண்டியில் எது என்று தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். லூசாக இருந்தால் வழுக்கும். இறுக்கமாக இருந்தால் பேரிங் போகும். சரிசெய்யும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது: புல்லி இரண்டு பாதியாகக் கழன்று வரும், நடுவில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். பெல்ட் லூசானால் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போட்டு நட்டை முடுக்கினால் போதும். எடுத்த வாஷர் தொலையாது, அடுத்த முறைக்கு அங்கேயே இருக்கும்.

ஃபேன் காற்றை உறிஞ்சும் வட்ட வாய், இந்த 1600இல், உறையின் மறுபக்கத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்து நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதே 1974 வேனில் ஒருநாள் ஆயில் பார்த்துவிட்டு, டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) துடைத்த பருத்தித் துணியை உள்ளேயே ஒரு ஓரத்தில் வைத்து மூடிவிட்டோம். இருபது நிமிட ஓட்டத்தில் பின்னாலிருந்து காய்ந்த எண்ணெய் வாசனை வந்தது. ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் அதுவரை நாங்கள் பார்த்திராத இடத்துக்குப் போயிருந்தது. நிறுத்தி, உறைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியபோது துணி வட்ட வாயில் பாதியை மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து துணி டிரைவர் சீட்டுக்கு அடியில்தான். நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டி என்றால் உறைக்குள் எலி கூடு கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்த்துவிடுவது நல்லது.

சூடு ஒரு எண் அல்ல, ஒரு தராசு

தண்ணீர் இன்ஜினில் தெர்மோஸ்டாட் திறந்து மூடி 90 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். முள் ஒரே இடத்தில் நிற்கும், ஓட்டுபவர் மறந்துவிடலாம். காற்று இன்ஜினில் அப்படி இல்லை. ஒரு தட்டில் இன்ஜின் உண்டாக்கும் சூடு, மறு தட்டில் காற்று எடுத்துப்போகும் சூடு. இரண்டும் எங்கே சமமாகிறதோ அதுதான் அந்த நேரத்து வெப்பநிலை. ஏற்றம் வந்தால் முள் ஏறும், இறக்கத்தில் இறங்கும். முள் அசைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இங்கேயும் தெர்மோஸ்டாட் உண்டு. சிலிண்டருக்கு அடியில் துருத்தி போல மடிப்புகளுடன் சின்னதாக இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது உறைக்குள் இருக்கும் கதவுகளை மூடி வைத்து, சீக்கிரம் சூடேற விடுகிறது. ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரியில் விரிந்து கதவுகளைத் திறந்துவிடுகிறது. அவ்வளவோடு அதன் வேலை முடிந்தது. துருத்தி ஓட்டையாகிக் கெட்டுப்போனாலும் கதவு திறந்த நிலைக்கே போகும்படி அமைத்திருக்கிறார்கள், நல்ல யோசனை.

கதவுகள் திறந்த பிறகு தராசைப் பிடித்திருப்பது ஓட்டுபவர்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வேனை 110க்கு விரட்டுகிறீர்கள். காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம்) கூடும். அதாவது ஏறக்குறைய 80 சதவீதம் அதிகம். அந்த அளவுக்குப் பெட்ரோல் எரிய வேண்டும், அந்த அளவுக்குச் சூடும் பிறக்கும். ஃபேன்? இன்ஜினோடு சேர்ந்து 22 சதவீதம்தான் வேகமாகச் சுற்றும். ஒரு தட்டில் 80, மறு தட்டில் 22. வேனின் முகம் சுவர் மாதிரி என்பதால் இந்தக் கணக்கு நன்றாகவே உறைக்கும். பீட்டில் காருக்காகப் பிறந்த இன்ஜின் அதைவிடப் பல நூறு கிலோ கனமான பெட்டியைத் தள்ளுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கியரும் இதே கதைதான். ஏற்றத்தில் மணிக்கு 60இல் நான்காம் கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் மெதுவாகச் சுற்றும், ஆனால் ஆக்ஸிலேட்டர் முழுக்க அழுத்தியிருக்கும். மூன்றாம் கியருக்கு இறங்கினால் அதே வேகத்தில் ஃபேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சுற்றும், சுமை கிட்டத்தட்ட அதேதான். சத்தம் அதிகமாகக் கேட்பதால் “இன்ஜினை வாட்டுகிறோமே” என்று தோன்றும். உண்மை நேர் எதிர். முனிச்சிலிருந்து சால்ஸ்பர்க் போகும் ஏ8 சாலையில் இர்ஷென்பெர்க் என்று ஒரு ஏற்றம். சமதளத்தில் 95இல் இருந்த ஆயில், நான்காவதில் பிடித்துக்கொண்டு ஏறியபோது உச்சியில் 115ஐத் தொட்டது. அடுத்த முறை அடிவாரத்திலேயே மூன்றாவது போட்டோம், 105ஐத் தாண்டவில்லை.

இந்த எண்களெல்லாம் தெரிய மீட்டர் வேண்டும். பழைய வேன்களில் கம்பெனி வெப்ப மீட்டர் கொடுக்கவில்லை. ஆயில் பிரஷர் விளக்கும் சார்ஜ் விளக்கும்தான். தனியாக ஆயில் மீட்டர் மாட்டிக்கொள்வதை முதல் செலவாக வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். ஆயில் 80 முதல் 110 வரை இருந்தால் நிம்மதி. 120ஐத் தாண்டினால் காலைத் தளர்த்த வேண்டும். 130 என்றால் நிறுத்திவிடலாம். ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வளையம் வைத்து ஹெட் சூட்டை அளப்பதும் உண்டு. அது சில நொடிகளிலேயே ஏறி இறங்கும், 200ஐ ஒட்டி ஓடுவது சகஜம், 230ஐத் தாண்டக்கூடாது. ஆயில் மெதுவாகத்தான் பேசும். ஏற்றம் முடிந்து சில நிமிடம் கழித்துக்கூட ஆயில் முள் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆயிலின் அளவு சின்னது. 1600 இன்ஜினில் இரண்டரை லிட்டர்தான், அதுவே உயவும் குளிர்ச்சியும். அரை லிட்டர் குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால்தான் பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும் பழக்கம் இந்த வண்டிக்காரர்களிடம் இருக்கிறது.

உள்ளே பிறக்கும் சூடு

காற்று ஓடும் வழி சரியாக இருந்தும் சூடேறுகிறது என்றால், சூடு அளவுக்கு மீறிப் பிறக்கிறது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே இருக்கும் ரப்பர் இணைப்புகள் வெடித்துக் காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறையும். அது சூடாக எரியும். இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், ரொம்ப முன்னால் இருந்தாலும் அப்படியே.

டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வின் முனைக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளி, தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 1600இல் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீட்டர். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைக் கொட்ட ஒரே நல்ல வழி, மூடியிருக்கும் நேரத்தில் தன் இருக்கையில் முழுசாக உட்கார்ந்து அதை ஹெட்டுக்குக் கொடுப்பதுதான். சூட்டில் வால்வு நீண்டு இடைவெளி அடைந்துபோனால் அதனால் உட்கார முடியாது. உட்கார முடியாததால் இன்னும் சூடாகும், இன்னும் நீளும். கடைசியில் எரியும், அல்லது தலை உடைந்து பிஸ்டன் மேல் விழும். டேப்பெட் லேசாகக் கடகடவென்றால் கவலை இல்லை. ஒருமுறை பார்க்கும்போது சரியாக இருந்த இடைவெளி அடுத்த முறை இறுகியிருந்தால்தான் கவலை. எந்த சிலிண்டரில் என்று எழுதி வையுங்கள்.

பெரும்பாலும் அது மூன்றாம் சிலிண்டராக இருக்கும். பழைய அமைப்பில் ஆயில் கூலர் உறைக்குள்ளேயே, அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றது. ஆயிலைக் குளிர்வித்துச் சூடான காற்றுதான் மூன்றாவதுக்குக் கிடைத்தது. அதை ஈடுகட்ட, மூன்றாவதுக்கு மட்டும் ஸ்பார்க் சில டிகிரி தாமதமாக வரும்படி, ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையே அமைத்திருந்தார்கள். 1971 மாடலிலிருந்து கூலரைப் பின்னுக்குத் தள்ளித் தனிக் கூண்டில் வைத்து, அந்தச் சூடான காற்றுக்கு வேறு வழி விட்டார்கள்.

சரி, முள் ஏறிவிட்டது, என்ன செய்வது? முதலில் வேகத்தைக் குறைத்து, ஒரு கியர் இறக்கி, ஆக்ஸிலேட்டரை மென்மையாகப் பிடியுங்கள். பெரும்பாலும் இதிலேயே இறங்கிவிடும். நிறுத்துவதானால் உடனே அணைக்காதீர்கள். அணைத்தால் ஃபேனும் நிற்கும், உள்ளே தேங்கிய சூடு போக வழியிருக்காது. ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் விளக்கு எரிந்தாலோ பெல்ட் அறுந்திருந்தாலோ மட்டும் அந்த நொடியே அணைக்க வேண்டும். இன்ஜின் மேல் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சூடான உலோகம் விரிசல் விடும். அணைத்தபின் மூடியைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் போகட்டும். அப்புறம் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், உறைக்குப் பின்னால் கையை விட்டு ஃபேனின் வாயைத் தடவிப் பாருங்கள். பக்கத்தில் ஓடும் பெட்ரோல் குழாய்களில் ஈரமோ வெடிப்போ இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.